இரண்டாவது அடிக்கு நானே பொறுப்பு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடிதம் என்பது என் மரியாதைச் சொல். கைப்பேசியில் நீ அனுப்பியது சில வரிகள்தான். "மா, நான் வந்துடறேன். என் கேஸை வாபஸ் வாங்கிட்டா அவங்களும் வாங்கிடுவாங்களாம். நீ ஆலிபூர் கோர்ட்ல நிக்கிறத நினைச்சா கிளாஸ் எடுக்க முடியல. டிக்கெட் பார்த்து வச்சிருக்கேன்." இந்தச் சில வரிகளுக்கு இத்தனை பக்கம் பதிலா என்று நீ நினைக்கலாம். உன் தாயார் எதையும் சுருக்கமாக எழுதிப் பழகியவள் அல்லள் என்பதை லேக் மார்க்கெட் முழுவதும் அறியும். ரேஷன் கார்டில் பெயர்த் திருத்தம் வேண்டுவோரும், வங்கியில் ஓய்வூதியம் நின்றுபோனோரும் என் கடைக்கு வந்து, இட்லி அரிசி வாங்குகிற கையோடு ஒரு விண்ணப்பமும் எழுதி வாங்கிக்கொண்டு போவது நீ பிறந்த நாளிலிருந்து பார்த்த காட்சி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருத்தி, ஓர் அகராதியையும் வானொலிச் செய்தியையும் மட்டுமே ஆசிரியர்களாகக் கொண்டு ஆங்கிலம் கற்று, அரசாங்கத்துக்கு "மிகுந்த பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்" என்று எழுதத் தொடங்கிவிட்டால், பிறகு பெற்ற மகளுக்கும் அப்படித்தான் எழுதுவாள். பொறுத்துக்கொள்.

இதன் பிரதி ஒன்றை நம் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்கும் அனுப்புகிறேன். உன்னைக் கேட்காமல் செய்கிறேன் என்று கோபிக்காதே. நம்மைப் பற்றி ஊர் பேசுவதை ஊரார் முன்னிலையிலேயே திருத்திவிட விரும்புகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை கோயில் வரிசையில் என் முன்னால் நின்ற அம்மையார், பல்லெல்லாம் சிரிப்பாக, "பொண்ணை ஃபாரினுக்கு அனுப்பிட்டு மாப்பிள்ளை கையை ஒடிச்சீங்களா, இல்ல ஒடிச்சிட்டு அனுப்பினீங்களா?" என்று கேட்டார். "ஒடிச்சிட்டுத்தான்" என்றேன். அவர் சன்னிதிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் அவருடைய மகளுக்கும் வரன் பார்க்கிறார்கள். அந்தப் பெண் இந்த மலரைப் படிப்பாள். அவளும் படிக்கட்டும் என்றே விரிவாக எழுதுகிறேன்.

வரன் பார்த்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். நாம் இந்த ஊரில் எப்படி வாழ்கிறோம் என்பதை அறியாதவர்களுக்கு நான் செய்த தவறு விளங்காது. உன் வயதுப் பிள்ளைகள் வங்காள மொழியில் சிரிப்பார்கள், ஆங்கிலத்தில் கணக்குப் போடுவார்கள். தமிழில் சாப்பிட மட்டும் கேட்பார்கள். பவானிபூர் பள்ளியிலிருந்து நீ வீடு திரும்பி, "மா, கிதே பெயேசே, தோசை குடு" என்று பசியை வங்காளத்தில் சொல்லிப் பையை எறியும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். உன் திருமணத்தில் எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று: வீட்டுக்கு வருகிறவன் நல்ல தமிழ் பேச வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த அந்த வங்கி அதிகாரி, நம் கடையின் பின்னறையில் அமர்ந்து, "தங்கள் இல்லத்துக் காப்பியின் மணம் தெருமுனை வரை வந்து எங்களை அழைத்தது" என்று சொன்னார். ஓர் ஆங்கிலச் சொல் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. நான் உள்ளே வந்து உன் முகத்தைப் பார்த்தேன். நீ தட்டில் முறுக்கை அடுக்கிக்கொண்டே, "இந்த ஆளு பேசறது நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு மா" என்றாய். நான் உன்னைக் கடிந்துகொண்டேன். ஜாதகம் பார்த்தேன், சம்பளம் விசாரித்தேன், குடும்பம் விசாரித்தேன். ஆனால் முடிவெடுத்தது அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுத்தான். தாய்மொழிக்கு ஏங்கிக் கிடக்கும் ஊரில், மொழி சுத்தமாக இருந்தால் மனிதரும் சுத்தமாக இருப்பார் என்று நம்பிவிடுகிறோம். வரிசையில் நின்ற அம்மையாரே, தாங்களும் கவனிக்க.

இதுவரை அவரை "அவர்" என்று எழுதினேன். இனி அவன் என்றே எழுதுகிறேன்.

பெஹாலாவில் அவன் எடுத்த குடியிருப்பில் நடந்தவற்றை நீ எனக்குத் துண்டு துண்டாகவே சொன்னாய். முதலில் நான் பார்த்தது துர்கா பூஜை அஷ்டமியன்று. அம்மனுக்குப் பூ அஞ்சலி கொடுக்கப் பந்தலுக்கு வந்தபோது உன் முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. குக்கர் ஆவி என்றாய். ஆவிக்கு முனை கிடையாது என்பதை அறியும் வயது எனக்கு இருந்தும், கையில் பூவை வைத்துக்கொண்டு கூட்டத்தில் அதைக் கேட்க வேண்டாம் என்று விட்டேன். பிறகுதான் தெரிந்தது. நீ பேச்சின் நடுவே ஒரு வங்காளச் சொல்லைப் போட்டால் அவன் உன்னை நிறுத்துவான். "தமிழில் சொல்" என்பான். நீ சரியான சொல்லைத் தேடி நிற்பாய். தேடும் நேரம் நீண்டால் அறைவான். அவன் கத்தமாட்டான், அதுதான் அக்கம்பக்கத்தில் எவருக்கும் கேட்காததற்குக் காரணம். செய்தி வாசிக்கும் அதே குரலில், "தலையை நிமிர்த்து. கைகளைக் கீழே வை" என்பான். நீ கைகளைக் கீழே வைப்பாய். பிறகு அறைவான். பல் உதட்டைக் கிழிக்கும். "மன்னிப்பை முழு வாக்கியமாகக் கேள்" என்பான். நீ வெளிநாட்டில் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாய் என்று அவனுக்குத் தெரிந்த அன்று, உன் கூந்தலைக் கையில் சுற்றிக் கழிவறை வரை இழுத்துச் சென்று, கைகழுவும் தொட்டியின் விளிம்பில் உன் நெற்றியை மோதினான். பீங்கான் தொட்டி விரிசல் விட்டது. அதற்கு மறுநாள் பிளம்பரை அழைத்து வந்து, என் மனைவி வழுக்கி விழுந்துவிட்டாள் என்று பிழையில்லாமல் விளக்கினானாம்.

கை நீட்டாதே என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். நீ சிறுமியாக இருந்தபோது, வகுப்பில் ஒரு பையன் உன் சடையை மேசைக்காலில் கட்டிவிட்டான். நீ எழுந்தபோது கழுத்து பின்னால் இழுபட்டு விழுந்தாய். எழுந்து, சடையை அவிழ்த்து, அவன் மூக்கில் குத்தினாய். நன்றாகவே குத்தியிருந்தாய்; அவன் சட்டை முழுவதும் இரத்தம். நான் என்ன செய்தேன்? உன்னைக் கையைப் பிடித்து அவர்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்று மன்னிப்புக் கேட்க வைத்தேன். அந்தப் பையனின் தாய் எனக்குச் சந்தேஷ் இனிப்பு கொடுத்து, எவ்வளவு நாகரிகமான தமிழ்க் குடும்பம் என்று புகழ்ந்தாள். அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது. நீ அதற்குப் பிறகு யார்மீதும் கை ஓங்கியதே இல்லை. பல ஆண்டுகள் அதை என் வளர்ப்பின் வெற்றியாக எண்ணியிருந்தேன்.

நெற்றித் தையலோடு நீ வந்து சேர்ந்ததும், நான் உன்னை எதுவும் கேட்கவில்லை. அரிசி மூட்டைகளை நகர்த்திப் பின்னறையில் உனக்குக் கட்டில் போட்டேன். நீ ஆறுதல் கேட்கவில்லை, இணைய இணைப்பைக் கேட்டாய். அப்போதுதான் அந்த வேலைகளைப் பற்றி நான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். ஜப்பான், தாய்லாந்து, வியட்நாம் என்று எத்தனை ஊரில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஆள் கேட்கிறார்கள். விளம்பரத்தைப் படித்துக்கொண்டே போனால் கடைசி வரியில் இன்ன இன்ன நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் மட்டும் என்று இருக்கும். அந்தப் பட்டியலில் நம் நாடு இருக்காது. பட்டம் வாங்கி, பயிற்சிச் சான்றிதழ் வாங்கி, பவானிபூர் பயிற்சி நிலையத்தில் இத்தனை காலம் பாடம் எடுத்தும், உன்னைப் பேசச் சொல்லிக் கேட்பதற்கு முன்பே கதவைச் சாத்தினார்கள். ஒரு நிறுவனம் உன் நிழற்படம் இன்னும் வெளிச்சமாக இருக்கட்டும் என்று எழுதியது. வெளிச்சம் என்று அவர்கள் சொன்னது நிறத்தை என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. நானே பதில் எழுதட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மா, நீ எழுதினா அவங்க நாட்டு ராஜாவுக்கே எழுதிடுவ" என்று நீ சிரித்தாய். தையல் இழுக்க, நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வந்த பிறகு நீ சிரித்தது அன்றுதான்.

வியட்நாமில் கடலோர நகரம் ஒன்றிலிருந்து அந்தப் பள்ளி மட்டும் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னது. மாதிரி வகுப்பு என்றால் என்னவென்று இதைப் படிப்போருக்குச் சொல்லிவிடுகிறேன். கணினித் திரையில் மூன்று ஆசிரியர்கள் அமர்ந்திருப்பார்கள். மூவரும் தங்களை ஆறு வயதுக் குழந்தைகளாகப் பாவித்துக்கொள்வார்கள். வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார்கள், விளையாடுவார்கள், ஒருவர் அழவும் செய்வார். வேலைக்கு வருபவர் அவர்களை உண்மைக் குழந்தைகளாகவே எண்ணிக் கடைசி வரை பாடம் நடத்த வேண்டும். எல்லாம் பதிவாகும். பக்கத்துக் கடையில் தையல் வேலை செய்யும் ஷிப்ரா தீதி வெள்ளைத் துணி கொடுத்தாள். அதை உளுந்து மூட்டைகளின் மேல் பின்னணித் திரையாகக் கட்டினாய். நெற்றித் தழும்பை மறைக்க முடியைச் சற்று முன்னால் வாரிக்கொண்டாய். உடல் உறுப்புகள்தான் பாடம்.

பிற்பகல் என்பதால் கடையில் கூட்டம் இல்லை. ஒருவருக்குப் புளி நிறுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே உன் குரல் கேட்டது. உன் மூக்கைத் தொடு, உன் காதைத் தொடு என்று ஆங்கிலத்தில் பாட்டைப் போல் சொல்லிக்கொண்டிருந்தாய். அப்போது அவன் வந்தான். வாசலில் காலணியைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்தான். "வணக்கம் அத்தை. என் மனைவியை அழைத்துச் செல்ல வந்தேன்" என்றான். நான் கல்லாவை விட்டு இறங்கிக் குறுக்கே நின்றேன். அவன் என் தோளைப் பிடித்து, கதவைத் திறப்பதுபோல் பக்கத்தில் தள்ளினான். நான் மசாலா அடுக்கின் மீது விழுந்தேன். மிளகாய்த்தூள் கண்ணிலும் மூக்கிலும் கொட்டியது. புளி வாங்க வந்தவர் ஓடிவிட்டார். நான் எழுந்து பின்னறை வாசலை அடைந்தபோது அவன் உன் கூந்தலைச் சுற்றிப் பிடித்திருந்தான். திரையில் மூன்று பேரும் தங்கள் மூக்கைத் தொட்டுக்கொண்டு அமர்ந்திருந்தார்கள். இதுவும் ஒரு நடிப்போ என்று நினைத்தார்களோ என்னவோ, விரல்களை எடுக்கவே இல்லை. "கைகளைக் கீழே வை" என்றான். நீ வைத்தாய், மகளே. என் கண் முன்னால், ஒரு சிறு தயக்கமும் இல்லாமல், இரண்டு கைகளையும் மடியில் வைத்தாய். அவன் முஷ்டியால் குத்தினான். மூக்குத்தண்டு சரிந்தது எனக்குத் தெரிந்தது. இரத்தம் வெள்ளைத் துணியில் தெறித்து, விசைப்பலகையில் சொட்டியது. நீ அவனைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து, அதே பாட்டுக் குரலில், ஒன்றுமில்லை குழந்தைகளே, பயப்படாதீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அவர்கள் குழந்தைகள் இல்லை என்பதையே நீ மறந்திருந்தாய். அவன் மீண்டும் குத்தினான்.

பழைய தராசின் இரண்டு கிலோ எடைக்கல்லை நான் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுத்து வைத்திருந்தேன். மின்தராசு வந்த பிறகு அதற்கு அதுதான் வேலை. எடுத்தேன். எரியும் கண்களோடு, பின்னாலிருந்து, அவன் வலது தோளில் அடித்தேன். காறை எலும்பு முறிந்தது. அந்த ஓசையை நான் எழுத்தில் கொண்டுவர முயலமாட்டேன். சேனைக்கிழங்கைக் கத்தியால் பிளக்கும்போது இன்றும் கை நின்றுவிடுகிறது என்று மட்டும் சொல்கிறேன். அவன் முழங்காலிட்டு, பிறகு பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். இது முதல் அடி.

இரண்டாவது அடியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். ஆகவே தெளிவாகவே எழுதுகிறேன். அவன் விழுந்துவிட்டான். அவனால் எழ முடியாது. உனக்கு அந்த நேரத்தில் அவனால் எந்த ஆபத்தும் இல்லை. அவனுடைய வலது கை தரையில், உள்ளங்கை மேல்நோக்கிக் கிடந்தது. விரல்களுக்கிடையே உன் தலைமயிர் வேரோடு சுற்றியிருந்தது. மயிரின் நுனியில் தோலும் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். எனக்கு யோசிக்க நேரம் இருந்தது, யோசித்தேன். குனிந்து, எடைக்கல்லை இரு கைகளாலும் உயர்த்தி, அந்தக் கையின் மீது இறக்கினேன். அவன் கத்தினான். திருமணமானதிலிருந்து அவன் குரல் உயர்ந்து நான் கேட்டது அப்போதுதான்; அதில் ஒரு சொல்லும் இல்லை, தமிழும் இல்லை. நீ அப்போதும் கைகளை மடியிலேயே வைத்திருந்தாய். திரையிலிருந்து நடுவில் அமர்ந்திருந்த லான் என்ற தலைமையாசிரியை எழுந்து நின்று, நீ பத்திரமாக இருக்கிறாயா என்று மீண்டும் மீண்டும் கேட்டாள். ஷிப்ரா தீதி ஓடிவந்து கத்தரிக்கோலும் கையுமாக வாசலில் நின்றாள். "ஆர் மாரிஷ் நா, ஆர் மாரிஷ் நா" என்று, இனி அடிக்காதே என்று, அவள் என்னைத்தான் கெஞ்சினாள். அவனை அல்ல.

நான் செய்தது நியாயம் என்று உனக்குச் சொல்ல இதை எழுதவில்லை. முதல் அடிக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது; இரண்டாவதற்கு இல்லை. எனக்கும் அது தெரியும். அதை நான் செய்யாதிருந்தால் நல்லவளாக இருந்திருப்பேன். ஆனால் செய்தவள் நான்தான். என் கை தவறவில்லை, என் புத்தி பிசகவில்லை.

இரண்டு நாளில் அந்தப் பள்ளி உனக்கு வேலை கொடுத்தது. இரக்கத்தால் இல்லை என்று லான் எழுதியிருந்தாள்: இவ்வளவு நடந்தும் நீ குழந்தைகளைப் பயமுறுத்தாமல் பார்த்துக்கொண்டாய், எங்களுக்கு அப்படிப்பட்டவர்தான் வேண்டும் என்று. மூக்கில் கட்டோடு அதை நீ எனக்கு வாசித்துக் காட்டினாய். ஆனால் அவன் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே புகார் கொடுத்தான். மனைவியும் மாமியாரும் சேர்ந்து தன்னைத் திட்டமிட்டு வரவழைத்துத் தாக்கினார்கள் என்பது அதன் சாரம். உன் கொடுமைப் புகாருக்கு எதிர்ப்புகார். அதில் உன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவதாக. உன் பெயரில் வழக்கு இருக்கும்வரை போலீஸ் கிளியரன்ஸ் என்று எல்லோரும் சொல்கிற அந்தச் சான்றிதழ் கிடைக்காது. அது இல்லாமல் வியட்நாம் வேலை அனுமதி தராது. அவனுக்கு அது தெரியும். உன் விண்ணப்பங்களையெல்லாம் படித்தவன் அல்லவா? அவனுக்கு நம்மைத் தண்டிக்கும் நோக்கம் கூட அவ்வளவாக இல்லை. நீ இங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உன்னைக் காப்பாற்ற ஒரே ஒரு சாட்சி இருந்தது: அந்த மாதிரி வகுப்பின் பதிவு. அதில் நீ கை ஓங்கவில்லை என்பது முழுமையாக இருந்தது. நான் இரண்டு முறை ஓங்கினேன் என்பதும் முழுமையாக இருந்தது. நீ அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்க மறுத்தாய். வேலை வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாய். நம் வக்கீல், உன்னைவிடச் சிறியவள், என்னைப் பெரியம்மா முறையில் மாஷிமா என்று அழைப்பவள், முதல் அடியோடு பதிவை வெட்டிக்கொடுக்கலாமே மாஷிமா என்றாள். வெட்டினால் மிச்சத்தில் என்ன இருந்தது என்ற கேள்வி உன்மேல் வந்து நிற்கும் என்று நான் சொன்னேன். நீ பவானிபூருக்குப் பாடம் எடுக்கப் போயிருந்த நாளில், நான் லானுக்கு எழுதினேன். "மதிப்பிற்குரிய அம்மையீர்" என்று தொடங்கி என் ஆங்கிலம் முழுவதையும் அதில் இறக்கினேன். அவள் ஒரே வரியில் பதில் எழுதிப் பதிவை அனுப்பினாள். அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன்.

அங்கே இரண்டாம் நிலை அதிகாரியை எல்லோரும் மேஜோ பாபு என்று அழைப்பார்கள். களைத்த மனிதர், மோர்க்குழம்புப் பொடி எங்கே கிடைக்கும் என்று முன்பு ஒருமுறை நம் கடையில் கேட்டவர்தான். பதிவை ஓடவிட்டார். அவன் பேசும் இடத்தில் நிறுத்தி, "என்ன சொல்றான் மாஷிமா?" என்று கேட்டார். நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. நான் வியந்து பெண் கொடுத்த அந்தத் தமிழை, ஒரு காவல் நிலைய மேசைக்கு முன்னால் நின்று, வங்காளத்தில் சொன்னேன். "ஹாத் நாமாவ்" என்றேன். கையைக் கீழே வை. அவர் மீண்டும் ஓடவிட்டார். உன் கைகள் இறங்குவதைப் பார்த்தார். பிறகு இரண்டு அடிகளையும் பார்த்தார். "இத குடுத்தா உங்க பொண்ணு வெளிய. நீங்க உள்ள. புரியுதா?" என்றார். புரிகிறது என்றேன். "ரெண்டாவதுக்கு என்ன எழுதட்டும்? பயம், பதற்றம், அப்படி ஏதாவது?" என்று கேட்டார், நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். நானே எழுதித் தருகிறேன் என்று காகிதம் வாங்கி எழுதினேன். முதல் அடி என் மகளைக் காக்க, இரண்டாவது அடி என் விருப்பத்தின்பேரில், இரண்டிலும் என் மகளுக்குப் பங்கில்லை. கையெழுத்திட்டேன். அவர் படித்துவிட்டு, "வாழ்க்கைல இப்படி ஒரு ஸ்டேட்மெண்ட் பார்த்ததில்ல" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது.

வழக்கிலிருந்து உன் பெயர் நீங்கியது. என் பெயர் நின்றது; எனக்கு ஜாமீன் கிடைத்தது. சான்றிதழ் வந்தது. நான் செய்ததை அறிந்த பிறகு விமான நிலையம் வரை நீ என்னோடு பேசவில்லை. உள்ளே போகும் முன் திரும்பி வந்து என் தோளில் முகத்தை வைத்து, "நீ ரொம்ப பாஜே, மா" என்றாய். மோசமானவள்தான். போய்வா என்றேன்.

இப்போது நீ உண்மைக் குழந்தைகளுக்கு முன்னால் நிற்கிறாய். அனுப்பிய படத்தில் எல்லோரும் மஞ்சள் சட்டையில் இருக்கிறார்கள். உன் தொழிலைப் பற்றி உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. இருந்தும் ஒன்று சொல்கிறேன். பலகையில் எழுத நீ கையை உயர்த்தும்போது, அந்த வகுப்பில் ஒரு குழந்தை தலையைத் தாழ்த்தும். எந்த ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும். அதன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள். அவசரப்பட்டு எதுவும் கேட்காதே. கை நீட்டாதே என்று நான் உனக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தில் பாதியை மட்டும் அதற்குக் கற்றுக்கொடு. தன்னை அடிக்க வருகிற கையைத் தடுக்கக் கை எழலாம், எழ வேண்டும் என்பதை எந்த மொழியில் சொன்னாலும் சரி, சொல்லிவிடு. நான் சொல்லாமல் விட்டது அதுதான்.

இனி உன் செய்திக்கு வருகிறேன். சென்ற வாரம் ஆலிபூரில் தேதி இருந்தது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் வாய்தாவுக்குக் காத்திருக்கும் கூட்டம் தேநீர்க் குவளைகளோடு நின்றுகொண்டிருந்தது. நான் சுவரோரம் நின்றிருந்தேன். அவனே என்னிடம் வந்தான். தோள் ஒரு பக்கம் இறங்கியே இருக்கிறது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. ஆகவே காகிதத்தை இடது கையால் நீட்டினான். இருதரப்பும் வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகவும், நீ அவனுடைய இல்லத்துக்குத் திரும்புவதாகவும் அதில் தட்டச்சு செய்திருந்தது. "அத்தை, தங்கள் வயதில் சிறை உகந்ததன்று. தாங்கள் ஒரு சொல் சொன்னால் அவள் திரும்பிவிடுவாள். எனக்கு எவர்மீதும் மனக்கசப்பு இல்லை" என்றான். ஒவ்வொரு சொல்லும் அதன் இடத்தில் இருந்தது. அவனுடைய கையிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை என்பதை மறைக்கமாட்டேன். அது நான் செய்தது, ஆயுள் முழுவதும் அவன் அதைச் சுமப்பான். ஆனால் உன்னுடைய செய்தி அவன் கையில் இருந்த அந்தக் காகிதத்திலிருந்துதான் வந்தது என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. அவனுடைய ஆட்கள் உனக்கு என்ன சொன்னார்கள், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றார்களா, அழுகிறாள் என்றார்களா என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. தண்டனை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் ஷிப்ரா தீதி கடையைத் திறந்து வைப்பாள், அரிசி விலையைத் துணிக்கும் துணி விலையை அரிசிக்கும் மாற்றிச் சொல்லிக்கொண்டு. உன் வழக்கில் நீ காணொளி வழியாகவே சாட்சி சொல்ல நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்கிறாள் வக்கீல். நீ இந்த மண்ணில் கால் வைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இந்த ஊரில் நான் வாழ்ந்த இத்தனை காலத்திலும், என்னிடம் தமிழில் பேசிய எவருக்கும் நான் வேறு மொழியில் பதில் சொன்னதில்லை. அது என் விரதம்போல. அன்று அவனுக்குச் சொன்னேன். தாழ்வாரத்தில் நின்ற வக்கீல்களுக்கும், கைதிகளோடு வந்த காவலர்களுக்கும், தேநீர்க்காரனுக்கும் புரியும்படி, வங்காளத்தில், எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவு குரலில் சொன்னேன்.

"ஓ ஆஷ்பே நா."

அவள் வரமாட்டாள். அவன் காகிதத்தை மடித்துக்கொண்டான். உன் செய்திக்கும் என் பதில் அதுவே.

இங்ஙனம்,
உன்னைப் பெற்றவள்